சங்கப் பதிவேடும் அங்கத்துவ இலக்கமும்: தேசிய அடையாள அட்டை புகட்டும் பாடங்கள்

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக நாட்டின் பல பகுதிகளில் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருந்த வேளையில், அத்தியாவசியத் தேவைகளுக்காக வெளியே செல்வோர் தத்தமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதி எண்ணைப் பார்த்தே வீட்டிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை 1, 2; செவ்வாய்க்கிழமை 3, 4 என்றவாறு வாரத்தின் ஐந்து நாட்களுக்குப் பத்து எண்களும் பங்கிடப்பட்டன. வங்கியிலும் வைத்தியசாலையிலும் கேட்டபோதெல்லாம் மனப்பாடமாக ஒப்புவித்து வந்த இலக்கத்தை மக்களுள் பலர் அன்றுதான் முதன்முதலாக உற்று நோக்கினர் எனலாம்.

அந்த இறுதி எண் மக்களை ஏறத்தாழச் சமமான பிரிவுகளாக வகுத்தது. முதலிரு எண்களைக் கொண்டு வகுத்திருந்தால் வயதொத்தவர்கள் யாவரும் ஒரே நாளில் கடைவீதிக்கு வந்திருப்பர். இடையிலுள்ள எண்களைக் கொண்டு வகுத்திருந்தால் ஆண்களும் பெண்களும் வெவ்வேறாகப் பிரிந்திருப்பர். ஓர் இலக்கத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பொருள் உண்டு என்பதையும், அப்பொருளை அறியாது அதனைக் கையாண்டால் விளைவு வேறாகிவிடும் என்பதையும் இச்சிறு நிகழ்வு உணர்த்துகிறது.

இதனை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. கண்டி மாநகரிலும் அதனைச் சூழவுள்ள அக்குறணை, மடவளை, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, தெல்தோட்டை முதலிய ஊர்களிலும் பள்ளிவாசல் ஜமாஅத்துகள், கோயில் பரிபாலன சபைகள், மரணாதார சங்கங்கள், சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எனப் பல அமைப்புகள் இயங்கி வருகின்றன. கட்டுக் கட்டான கொப்பிகளில் இருந்த இவற்றின் அங்கத்தவர் பதிவேடுகள் இன்று கணனிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. அம்மாற்றத்தின்போது எழும் முதற் கேள்வி, ஒவ்வோர் அங்கத்தவருக்கும் எத்தகைய இலக்கத்தை வழங்குவது என்பதாகும். பலரும் இதனை ஒரு சிறு விடயமாகக் கருதி ஐந்து நிமிடத்தில் தீர்மானித்து விடுகின்றனர். அத்தீர்மானத்தின் பலனையோ அச்சங்கம் ஐம்பது ஆண்டுகள் அனுபவிக்க நேரிடுகிறது.

பெயர் ஏன் போதாது?

ஒருவரை அடையாளம் காண அவரது பெயரே போதுமே என்று கேட்கலாம். எமது சமூகங்களின் பெயரிடும் வழக்கத்தைச் சற்றுச் சிந்தித்தால் விடை தானாகவே கிடைத்துவிடும். மேலைத்தேயங்களிலும் சிங்கள மக்களிடையேயும் உள்ளதைப் போன்ற நிலையான குடும்பப் பெயர் தமிழரிடையே இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக அமைகிறது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடுகிறது. ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று இராமசாமிகளும் மாரியாயிகளும் இருப்பது இயல்பே. முஸ்லிம்களிடையே முஹம்மத் என்னும் பெயர் எத்தனையோ பேருடைய பெயரின் முற்பகுதியாக உள்ளது. அதனை முஹம்மத், மொஹமட், முகம்மது, மொகமட் எனப் பலவாறாக எழுதுவர். கணனிக்கோ இவை நான்கும் நான்கு வெவ்வேறு பெயர்களாகும்.

மொழிமாற்றமும் இதில் சேர்ந்து கொள்கிறது. தேசிய அடையாள அட்டை சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் நாடெங்கும் வழங்கப்படலானது 2014ஆம் ஆண்டிலேயே ஆகும். அதற்கு முன்னர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வழங்கப்பட்ட அட்டைகளில் விபரங்கள் சிங்களத்திலேயே எழுதப்பட்டிருந்தன. தமிழ்ப் பெயர் சிங்களத்துக்கு மாறி, பின்னர் ஆங்கிலத்துக்கு மாறி, மீண்டும் தமிழுக்கு வரும்போது அது பெற்றோர் வைத்த பெயராக இருப்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் ஒரு பெயர் என இருப்பதால், வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெறுவதற்குச் சத்தியக் கடதாசியும் கையுமாக அலையும் முதியோரை மலையகத்தில் இன்றும் காணலாம். பெயர் பிழைக்கும், பெயர் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஆகையாற்றான் இலக்கம் தேவைப்படுகிறது.

தகர வில்லை முதல் சேமலாப நிதி வரை

கண்டிப் பிரதேச மக்களுக்கு இலக்கம் புதிதன்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது முதல் விரிவடைந்த பெருந்தோட்டத் தொழிலுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு வந்தோரிடம் 'தகர டிக்கெட்' எனப்பட்ட சிறு வில்லையொன்று வழங்கப்பட்டது. அவர் சென்றடைய வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்தறியாத ஒருவர் வழியில் எவரிடம் காட்டினாலும் அவர் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பது தெரிந்துவிடும். தோட்டத்தை அடைந்ததும் செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டில் வேறோர் இலக்கம் கிடைத்தது. நாட்சம்பளத்தைப் 'பேர்' என்று கூறும் மலையக வழக்கு, அப்பதிவேட்டில் பேர் விழுந்தாலன்றிக் கூலி இல்லை என்ற நிலையிலிருந்து பிறந்ததாகும்.

இவ்விலக்கங்கள் யாவும் தோட்டத்துக்கு உரியவை, மனிதருக்கு உரியவையல்ல. தோட்டம் மாறினால் இலக்கமும் மாறிவிடும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தோற்றுவிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதியிலும் இப்பண்பின் சாயலைக் காணலாம். அங்கு தொழில்தருநருக்கு ஓர் இலக்கமும், அவரிடம் பணிபுரியும் ஊழியருக்கு ஓர் அங்கத்துவ இலக்கமும் வழங்கப்படுகின்றன. தொழில்தருநர் மாறும்போது ஊழியர் புதியதோர் இலக்கத்தைப் பெறுகிறார். நான்கு இடங்களில் தொழில் புரிந்த ஒருவருக்கு நான்கு இலக்கங்கள் இருக்கலாம். அவை நான்கும் ஒரே ஆளுக்கு உரியவை என்பதை நிலைநாட்டுவதற்கு அவற்றுக்குப் புறம்பான மற்றோர் இலக்கம் வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமே இன்று அந்தப் பணியை ஆற்றி வருகிறது.

அடையாள அட்டை இலக்கத்தின் அமைப்பு

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்தன. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டது. அடுத்த மூன்று எண்கள் வரிசை இலக்கமாகும். ஒன்பதாவது எண் முன்னுள்ள எட்டு எண்களையும் கொண்டு கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணாகும்.

உதாரணமாக, 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 75061 எனவும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 75561 எனவும் தொடங்கும். 1975 சாதாரண ஆண்டாதலால் மார்ச் 1 அவ்வாண்டின் 60ஆவது நாளன்றோ என வாசகர்கள் ஐயுறலாம். நாட்கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாட்கள் கொள்ளப்படுவதால், மார்ச் 1 எப்போதும் 61ஆகவே வரும். தமது அட்டையைத் தாமே வாசிக்க முயன்று ஒரு நாள் பிசகக் கண்டோர் இதன் காரணத்தை இப்போது அறியலாம்.

2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய அட்டைகளில் 12 எண்களைக் கொண்ட இலக்கம் நடைமுறைக்கு வந்தது. பிறந்த ஆண்டு நான்கு எண்களாகவும், வரிசை இலக்கம் நான்கு எண்களாகவும் விரிந்தன. இறுதி எழுத்து நீக்கப்பட்டது. பழைய இலக்கத்தைப் புதிய வடிவில் எழுதுவதற்கு முன்னால் 19ஐச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, எழுத்தை விட்டுவிட வேண்டும்.

இம்மாற்றம் ஏன் தேவைப்பட்டது? 2000ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகள் அட்டை பெறும் வயதை அக்காலப்பகுதியில் எட்டினர். அவர்களுக்குப் பழைய முறையில் இலக்கம் வழங்கினால் அது 00 எனத் தொடங்கும். 1900இல் பிறந்தவருக்கும் 2000இல் பிறந்தவருக்கும் வேறுபாடு தெரியாது போகும். 1972இல் இலக்கத்தை வகுத்தோர் ஆண்டுக்கு இரண்டு எண்களே போதும் எனக் கருதினர். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அது போதாமற் போயிற்று. பதிவேட்டை இன்று வகுப்போர் ஒரு தலைமுறைக்கு அப்பாலும் நோக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற் பாடமாகும்.

ஓர் எழுத்தின் கதை

நீக்கப்பட்ட அந்த எழுத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற வேண்டும். பழைய இலக்கத்தின் இறுதியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்து இடம்பெற்றது. 'வீ' என்பது பொதுவாக வாக்குரிமை உடையவரையும், 'எக்ஸ்' என்பது அவ்வாறல்லாதவரையும் குறிப்பதாக விளக்கப்படுகிறது. இதன் பொருளை மலையகத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டுவைத்தது. அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட 1974இல் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களையும் தாண்டி, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே நாடற்ற நிலை பெருமளவில் முடிவுக்கு வந்தது.

அடையாள அட்டைகள் வழங்கத் தொடங்கிய 1972ஆம் ஆண்டுக்கும் 2003ஆம் ஆண்டுக்கும் இடையில் கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் தோட்டங்களில் வாழ்ந்த எத்தனையோ பேரின் சட்ட நிலை மாறியது. நேற்று நாடற்றவராக இருந்தவர் இன்று பிரஜையாகவும் வாக்காளராகவும் ஆனார். ஒருவரின் வாக்குரிமை மாறக்கூடியது. அவரது இலக்கம் மாறக்கூடாதது. மாறக்கூடிய ஒன்றை மாறக்கூடாத ஒன்றினுள் பொதிந்து வைத்தால், ஒன்று இலக்கம் பொய்யுரைக்கும். அல்லது இலக்கத்தையே மாற்ற வேண்டிவரும். 12 எண் முறையில் எழுத்து கைவிடப்பட்டமை அவ்வகையில் வரவேற்கத்தக்கதாகும்.

பிறந்த திகதியும் பாலும் இன்றும் இலக்கத்தினுள் உள்ளன. பிறந்த திகதி மாறாதே எனக் கூறலாம். பிறப்புப் பதிவு செய்யப்படாது உத்தேச வயதுச் சான்றிதழைக் கொண்டு அட்டை பெற்றவர்களும், எழுதுவினைஞரின் பிழையினால் திகதி மாறிப் பதியப்பட்டவர்களும் எம்மிடையே உளர். திகதியைத் திருத்தினால் இலக்கமும் பொருந்தாது போய்விடும். இலக்கம் மாறினாலோ வங்கிக் கணக்கு, சேமலாப நிதி, காணி உறுதி, கடவுச்சீட்டு அனைத்திலும் திருத்தம் செய்ய நேரிடும். இதற்கஞ்சிப் பிழையான வயதோடு ஓய்வுபெறுவோரும் இருக்கக்கூடும்.

அதனையே அங்கத்துவ இலக்கமாகக் கொள்ளலாமா?

சங்கங்கள் பலவற்றில் முன்வைக்கப்படும் எளிய யோசனை, தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே அங்கத்துவ இலக்கமாகக் கொள்வதாகும். ஒருவருக்கு ஓர் இலக்கந்தானே, அது தனித்துவமானதுதானே என்பது அவர்களின் வாதம். இது ஏற்புடையதன்று என்பதற்குக் காரணங்கள் பல உள்ளன.

எல்லோரிடமும் அட்டை இருப்பதில்லை. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது வழங்கப்படுவதில்லை. வெளிநாட்டுப் பிரஜையான வாழ்க்கைத்துணைக்கும் அது கிடையாது. குர்ஆன் மதரஸா மாணவரையோ அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளையோ பதிவு செய்யும் அமைப்பு அவர்களை எவ்வாறு இலக்கமிடும்? அடுத்ததாக, ஒரே ஆளின் இலக்கம் இருவேறு வடிவங்களில் புழங்குகிறது. பழைய அட்டையைக் கொண்டு 2010இல் பதிந்தவர், புதிய அட்டையைக் கொண்டு 2020இல் மீண்டும் பதிந்தால் கணனி அவரை இரு அங்கத்தவர்களாகக் கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இலக்கத்தைப் பார்க்கும் எவரும் அவரது பிறந்த திகதியையும் பாலையும் அறிந்து கொள்வர். சந்தாப் பற்றுச்சீட்டிலும் அறிவித்தற் பலகையிலும் அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கத்தை அச்சிடுவது, அவரது அந்தரங்க விபரங்களை ஊருக்கு அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவேட்டில் சேர்க்கவே கூடாது என்பது இதன் கருத்தல்ல. தேவையாயின் அதனை ஒரு தகவலாக, தனியான நிரலில், 12 எண் வடிவில் பதிந்து வைக்கலாம். ஒருவர் இருமுறை பதியப்படுவதைக் கண்டறிய அது உதவும். அங்கத்தவரைச் சுட்டும் இலக்கம் சங்கமே வழங்கிய வேறோர் இலக்கமாக இருத்தல் வேண்டும்.

எத்தகைய இலக்கம் சிறந்தது?

இலக்கம் ஒன்றின் கடமை, 'இவர்தான், வேறொருவரல்லர்' எனச் சுட்டுவதே. அவரைப் பற்றிய வேறெதனையும் அது கூற வேண்டியதில்லை. அவர் எந்த ஊரவர், எந்த மஹல்லாவைச் சேர்ந்தவர், ஆணா பெண்ணா, ஆயுட்கால அங்கத்தவரா சாதாரண அங்கத்தவரா என்பவற்றைத் தனித்தனி நிரல்களில் எழுதிக் கொள்ளலாம். மாற்றம் ஏற்படும்போது அந்நிரலை மட்டும் திருத்தினால் போதுமானது. அக்குறணையில் பதிந்த பெண் மணமுடித்து மாவனல்லைக்குச் சென்றாலும், லயன் அறையில் இருந்தவர் தனி வீடு பெற்றுச் சென்றாலும் அவர்களின் இலக்கம் அப்படியே இருக்கும்.

குறியீடுகள் பொதிந்த இலக்கங்கள் எல்லாமே தவறானவை என்பதற்கில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீட மாணவரின் பதிவிலக்கம் பீடத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, ஆண்டைக் குறிக்கும் இரண்டு எண்கள், வரிசை இலக்கம் என்ற ஒழுங்கில் அமைகிறது. மாணவர் எந்த அணியினர் என்பது மாறாதது. அவ்விலக்கத்தின் பயன்பாட்டுக் காலமும் குறுகியது. தொட்டில் முதல் ஜனாஸா வரை, பெயர்சூட்டு முதல் ஈமக்கிரியை வரை ஒருவரைத் தொடரும் பதிவேட்டுக்கு அது பொருந்தாது.

இலக்கம் ஆளுக்குரியதாக இருத்தல் வேண்டும். குடும்பத் தலைவருக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. பள்ளிவாசல் சந்தாப் பதிவேடுகளும் மரணாதார சங்கப் பதிவேடுகளும் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரிலேயே உள்ளன. மனைவி மக்கள் அவருக்குக் கீழ் வெறும் தொகையாகவே எழுதப்படுகின்றனர். அவர் மரணித்தாலோ மணவிலக்கு ஏற்பட்டாலோ அப்பெண் பதிவேட்டிலிருந்தே மறைந்து விடுகிறார். ஸகாத் நிதியோ மரணக் கொடுப்பனவோ யாருக்கு மிக அவசியமோ, அவருக்கே இலக்கம் இல்லாத நிலை அப்போது ஏற்படுகிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் இலக்கமும், குடும்பத்துக்குத் தனியாக ஓர் இலக்கமும் வழங்கி இரண்டையும் இணைத்து வைப்பதே முறையாகும்.

ஒருமுறை வழங்கிய இலக்கத்தை எக்காரணம் கொண்டும் மற்றொருவருக்கு வழங்கலாகாது. மரணித்தவரின் அல்லது விலகியவரின் இலக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். வரிசையில் இடைவெளி விழுகிறதே என நிர்வாகிகள் கவலைப்படுவதுண்டு. இடைவெளியினால் எந்தத் தீங்கும் இல்லை. ஒருவரின் நிலுவைச் சந்தாவும் அவரால் நியமிக்கப்பட்ட பயனாளியின் பெயரும் மற்றொருவரின் கணக்கில் தோன்றுவதே தீங்காகும்.

சரிபார்ப்பு எண்

அங்கத்துவ இலக்கத்தைக் கையால் எழுதும்போதும் தொலைபேசியில் கூறும்போதும் பிழைகள் நேர்வது இயல்பு. ஓர் எண் மாறலாம். அடுத்தடுத்த இரு எண்கள் இடம் மாறலாம். இதனைக் கண்டுபிடிக்கவே சரிபார்ப்பு எண் பயன்படுகிறது. வங்கி அட்டைகளில் பயன்படும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்தார். அதற்கான காப்புரிமை 1960இல் வழங்கப்பட்டது. இந்தியாவின் ஆதார் இலக்கத்தில் டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறை கையாளப்படுகிறது. சிறு சங்கமொன்றுக்குப் பின்வரும் எளிய முறையே போதுமானது.

வரிசை இலக்கம் 10427 எனக் கொள்வோம். இடப்பக்கத்திலிருந்து எண்களை முறையே 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 6, 0, 16, 6, 14 எனக் கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 42. இதற்கு அடுத்து 11ஆல் மீதியின்றி வகுபடும் எண் 44, வேறுபாடு 2. இந்த 2ஐ இறுதியில் சேர்த்தால் அங்கத்துவ இலக்கம் 104272 ஆகும். எழுதுபவர் தவறுதலாக 104722 என எழுதிவிட்டால், அதே கணக்கின்படி கூட்டுத்தொகை 47. இறுதி 2ஐச் சேர்த்தால் 49. அது 11ஆல் வகுபடாது. கணனி உடனே பிழையென அறிவித்துவிடும். ஓர் எண் பிழைத்தாலும், எந்த இரு எண்கள் இடம் மாறினாலும் இம்முறை தவறாது காட்டிக் கொடுக்கும். கூட்டுத்தொகை தானே 11ஆல் வகுபட்டால் சரிபார்ப்பு எண் பூச்சியமாகும். வேறுபாடு 10 ஆக வரும் வரிசை இலக்கங்களை, உதாரணமாக 10423ஐ, எவருக்கும் வழங்காது தவிர்த்துவிட வேண்டும்.

கணனியில் கவனிக்க வேண்டியவை

புதிய இலக்கத்தைக் கணனி எவ்வாறு தெரிவு செய்கிறது என்பதிலும் அவதானம் தேவை. மொத்த அங்கத்தவர்களை எண்ணி ஒன்றைக் கூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. 250 அங்கத்தவர் உள்ள சங்கத்தில் ஒருவரின் பதிவு நீக்கப்பட்டால் எஞ்சுவோர் 249 பேர். அடுத்து வருபவருக்கு 250 வழங்கப்படும். அந்த இலக்கமோ ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும். எனவே இறுதியாக வழங்கிய இலக்கம் எதுவோ அதனைத் தனியாகப் பதிந்து வைத்து, அதிலிருந்தே தொடர வேண்டும். தரவுத்தள மென்பொருள்கள் யாவற்றிலும் தானாக ஏறுமுகமாகச் செல்லும் இலக்கத்தை வழங்கும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவதோடு, ஒரே இலக்கம் இருமுறை பதியப்படுவதை மென்பொருளே மறுக்குமாறும் அமைத்துவிட வேண்டும். நிர்வாகியின் கவனத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

இரண்டு இடங்களில் பதிவு நடைபெறுமாயின் சிக்கல் மேலும் கூடும். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள இரு கிளைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத கணனிகளில் ஒரே நாளில் பதிவு செய்தால், இருவருக்கு ஒரே இலக்கம் கிடைக்கக்கூடும். கம்பளைக்கு 10001 முதலும் நாவலப்பிட்டிக்கு 50001 முதலும் என முன்கூட்டியே தொகுதிகளை ஒதுக்கிவிட்டால் இது தவிர்க்கப்படும். அத்தொகுதி அங்கத்தவர் முதலில் பதியப்பட்ட இடத்தை மட்டுமே காட்டும். இன்று அவர் எந்தக் கிளையில் உள்ளார் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது.

விரிதாள் மென்பொருளில் பதிவேட்டை வைத்திருப்போர் மற்றுமொன்றை அறிந்திருத்தல் நலம். 00123 என எழுதினால் அது முன்னுள்ள பூச்சியங்களை நீக்கி 123 எனக் காட்டும். 12 எண்களைக் கொண்ட அடையாள அட்டை இலக்கத்தை அது சுருக்கிப் புள்ளியிட்ட வேறு வடிவில் காட்டிவிடும். இலக்கங்கள் கணக்கிடுவதற்கு உரியவையல்ல. ஆகவே அந்நிரலை எழுத்து வகையாக முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். வரிசை இலக்கத்தை 1இல் தொடங்காது 10001இல் தொடங்கினால் பூச்சியத் தொல்லையே எழாது.

இலக்கமும் பாதுகாப்பும்

இறுதியாகக் கூற வேண்டியது எல்லாவற்றிலும் முக்கியமானது. பதிவேடு உதவிக்காகத் தொகுக்கப்படுகிறது. அது பிறர் கையில் அகப்பட்டால் தீங்குக்கும் பயன்படக்கூடும். 1994இல் ருவாண்டாவில் அடையாள அட்டையில் எழுதப்பட்டிருந்த இனப்பெயர் வீதித் தடைகளில் எத்தனையோ பேரின் மரணத்தைத் தீர்மானித்தது. எமது நாட்டிலும் 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்பின் பிரதிகளைக் கொண்டு தமிழரின் வீடுகள் அடையாளம் காணப்பட்டமையைப் பலரும் பதிவு செய்துள்ளனர். 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் வர்த்தக நிலையங்களும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைக் கண்ட கண்டி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டியல் ஒன்றை வைத்திருப்போர் அதனைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றவராவர். இனத்தையும் மதத்தையும் ஊரையும் இலக்கத்திலேயே பொறித்து வைப்பது, அப்பட்டியலைத் திறக்காமலே வாசிக்க இடமளிப்பதாகும்.

ஆதார் இலக்கத்தை வகுத்தோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மகாராஷ்டிர மாநிலத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதன்முதலாக வழங்கப்பட்ட அந்த 12 எண் இலக்கத்தில் பிறந்த திகதியோ மாநிலமோ மதமோ இல்லை. எனினும் ஒரே இலக்கத்தை எல்லா இடங்களிலும் கேட்கத் தொடங்கியபோது வேறு பிரச்சினைகள் எழுந்தன. தனியார் நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகக் கோருவதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வரையறை விதித்தது. இலங்கையிலும் இந்திய அரசின் நன்கொடையுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றுக்கான உடன்படிக்கை 2022இல் கைச்சாத்திடப்பட்டது. அதே ஆண்டில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தல் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. தேவைக்கு மேற்பட்ட தகவலைத் திரட்டாதிருத்தல், திரட்டிய நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தல் என்பன அச்சட்டத்தின் அடிப்படைகளாகும். சட்டம் வற்புறுத்தும் வரை காத்திராது, ஊர்ச் சங்கங்களும் இவற்றைத் தமது நெறியாகக் கொள்ளலாம்.

தகர வில்லையில் எழுதப்பட்டது தோட்டத்தின் இலக்கம். அதனைச் சுமந்து வந்தவரின் பெயரை எவரும் கேட்கவில்லை. இன்று எமது சங்கங்கள் தாமே தமது மக்களுக்கு இலக்கம் வழங்கும் நிலையில் உள்ளன. அந்த இலக்கம் ஆளுக்கு உரியதாக, அவரோடு இறுதிவரை நிலைத்திருப்பதாக, அவரைப் பற்றிப் பிறருக்கு எதனையும் காட்டிக் கொடுக்காததாக அமைய வேண்டும். புதிய பதிவேட்டைத் திறப்பதற்கு முன் நிர்வாக சபைகள் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கிக் கலந்தாலோசித்தால், அடுத்த தலைமுறையின் செயலாளர்கள் அவர்களுக்கு நன்றி கூறுவர்.